சிறிய மிரர்லெஸ் கேமரா: காசை பாடியில் போடுவதா, லென்ஸில் போடுவதா?

சிறிய மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த மாடல் நல்லது?" என்றுதான். எந்த லென்ஸ் என்று கேட்பவர் குறைவு. பெட்டியோடு வரும் கிட் லென்ஸ் இப்போதைக்குப் போதும், கையில் இருப்பதையெல்லாம் பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவில், போட்டுவிடலாம், லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கு இதற்கு நேர் எதிர்: இரண்டு தலைமுறை பழைய பாடி ஒன்று, அதன்மேல் நல்ல லென்ஸ் ஒன்றோ இரண்டோ. நான் அதிகம் பழகியது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஒலிம்பஸ், பானசோனிக் கேமராக்களில் உள்ள சின்ன சென்சார் வகை; சென்சார் என்பது படத்தைப் பதியும் சில்லு) என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். ஃபியூஜிஃபில்முக்கும் சோனியின் ஏபிஎஸ்-சி (அதைவிடச் சற்றுப் பெரிய சென்சார்) கேமராக்களுக்கும் ஏறக்குறைய இதே வாதம் பொருந்தும்.

முதலில் வெளிச்சக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பக்கம் 20 மெகாபிக்சல் உள்ள உயர்ரக பாடி, அதில் 14-42 மி.மீ. கிட் லென்ஸ். இன்னொரு பக்கம் 16 மெகாபிக்சல் உள்ள பழைய ஒலிம்பஸ் ஈ-எம்10, அதில் 2011இல் வந்த 45 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (மி.மீ. எண் பெரிதானால் காட்சி நெருங்கி வரும்; எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலத் திறந்து அதிக வெளிச்சம் விடும்). மாலை நேரம், ஒரே விளக்கு எரியும் அறை, எதிரே ஒரு சிறுமி புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். ஓரளவு அசையாமல் இருக்கிறாள் என்று நம்பி ஷட்டரை 1/60 நொடியில் வைக்கிறோம். கிட் லென்ஸை 42 மி.மீ.க்கு நீட்டினால் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது, அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வை ஏற்றும் எண்) 6400 வரை போக வேண்டியிருக்கும். அதே ஷட்டரில் எஃப் 1.8க்கு ஐஎஸ்ஓ 640 அல்லது அதற்குச் சற்று மேல் போதும், ஏனென்றால் 5.6க்கும் 1.8க்கும் நடுவே ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் இருக்கிறது, அதாவது மூன்று ஸ்டாப்புக்கும் மேலே (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்).

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 6400இல் நெற்றியோரத்து முடியிழைகள் ஒன்றோடொன்று குழைந்து கறுப்புத் திட்டாகிவிடும், இரைச்சலை (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கறையை) குறைக்கும் மென்பொருள் கன்னத்தில் மெழுகு பூசிவிட்டது போலிருக்கும், புத்தகத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் முகவாயின் கீழே கொடுக்கும் மெல்லிய சாயல் காணாமல் போயிருக்கும். 640இல் எடுத்த படத்தில் இமை முடிகள் தனித்தனியாக இருக்கும், தோல் தோலாக இருக்கும். மேலும், பின்னால் இருக்கும் அலமாரி மென்மையாகக் கரைந்து ஒதுங்கிவிடும். இதைப் புதிய பாடி எதுவும் கொடுக்காது.

சரி, பாடியை மாற்றினால் என்ன கிடைக்கும்? 16இலிருந்து 20 மெகாபிக்சலுக்குப் போனால் படத்தின் அகலம் 4608 பிக்சலிலிருந்து 5184 ஆகிறது, எட்டில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். இரைச்சல் விஷயத்தில் இந்த இரண்டு தலைமுறை சென்சார்களுக்கு இடையே ஒரு ஸ்டாப்கூடத் தேறாது. சென்சாரையே பெரிதாக்கி ஃபுல் ஃப்ரேமுக்கு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாருக்கு) தாவினாலும் பரப்பு நான்கு மடங்குதான் கூடுகிறது, அது இரண்டு ஸ்டாப். அதிலும் ஒரு கிட் ஜூமை மாட்டிக்கொண்டால் சின்ன சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் சேர்ந்த ஜோடியை அது எட்டாது. ஃபுல் ஃப்ரேமில் எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் கண்டிப்பாக அது ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் சட்டைப் பையில் அடங்கும் 116 கிராம் 45 எஃப் 1.8 போன்ற லென்ஸுக்காகத்தானே இந்தச் சின்ன சிஸ்டத்துக்கே வந்தோம். இன்னொன்றும் உண்டு: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 1.8 என்பது ஃபோகஸ் ஆழத்தில் (முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாக வரும் என்பதில்) ஃபுல் ஃப்ரேமின் எஃப் 3.6க்குச் சமம். அதனால் லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தாலும் பெரும்பாலும் இரண்டு கண்களும் கூர்மையாக வந்துவிடும்.

பாடி பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம், உள்ளேயே இருக்கும் அதிர்வுத் தடுப்பு. 2012இல் ஒலிம்பஸ் ஈ-எம்5 ஐந்து அச்சு அதிர்வுத் தடுப்போடு வந்தபோது அது உண்மையிலேயே பெரிய விஷயம், கால் நொடிக்கு ஷட்டரைத் திறந்து கையில் பிடித்தே கூர்மையான படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அது அடக்குவது நம் கை நடுக்கத்தை மட்டும். சிலை, கட்டடம், இரவுத் தெரு என்றால் சரி. பக்கம் புரட்டுகிற சிறுமியின் விரல் கால் நொடியில் மங்கத்தான் செய்யும். தவிர, இந்த வசதிக்காக உச்சி மாடலுக்குப் போக வேண்டியதே இல்லை, 2015இல் வந்த ஈ-எம்10 மார்க் 2 போன்ற கீழ்வரிசை பாடியிலேயே ஐந்து அச்சும் இருக்கிறது.

கிட் லென்ஸ்களை மட்டம் தட்ட எனக்கு விருப்பமில்லை. நல்ல வெயிலில், எஃப் 8இல், ஒரு மலைக்காட்சியை எடுத்தால் கிட் லென்ஸுக்கும் விலை உயர்ந்த லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பானசோனிக்கின் 12-32 வெறும் 70 கிராம்தான், அந்த எடைக்கு அது கொடுக்கும் கூர்மை எனக்கு இன்னும் ஆச்சரியம். பகல் காட்சிகள் மட்டுமே எடுப்பவர் என்றால் பாடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம், இருப்பதை வைத்துக்கொண்டு அதிகாலையில் கிளம்புங்கள்.

அடுத்து, லென்ஸ் என்று முடிவு செய்தபின் வரும் குழப்பம்: ஒரே ஒரு எஃப் 2.8 ஜூமா, இரண்டு பிரைமா (ஜூம் ஆகாத, ஒரே மி.மீ. உள்ள லென்ஸ்)? ஒலிம்பஸ் 12-40 எஃப் 2.8 எடை 382 கிராம். 25 எஃப் 1.8, 45 எஃப் 1.8 இரண்டும் சேர்ந்து 253 கிராம், தவிர ஒன்றே கால் ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். ஜூம் ஃபுல் ஃப்ரேமின் 24 மி.மீ.க்கு நிகரான அகலத்திலிருந்து தொடங்குகிறது, மழைத் தூறலைத் தாங்கும் (பாடியும் தாங்குகிற வகையாக இருந்தால் மட்டும், ஈ-எம்10 அப்படியில்லை), பூவுக்கு மிக அருகிலும் போகலாம். விழா, பயணம் என்று லென்ஸ் மாற்ற நேரமே இல்லாதவர்களுக்கு ஜூம்தான். வீட்டு மனிதர்கள், அறை வெளிச்சம், நிதானமான படங்கள் என்றால் நான் யோசிக்காமல் பிரைம் பக்கம் போவேன்.

ஃபியூஜியில் இந்த ஒப்பீடு இன்னும் பட்டவர்த்தனமானது. 2018இல் வந்த எக்ஸ்-டி3க்கும் 2019இல் வந்த எக்ஸ்-டி30க்கும் உள்ளே இருப்பது ஒரே 26 மெகாபிக்சல் சென்சார், ஒரே பிராசஸர். எக்ஸ்-டி3க்கு அதிகம் கொடுத்தால் கிடைப்பது மழைப் பாதுகாப்பு, பெரிய வியூஃபைண்டர், இரண்டாவது கார்டுக்கு இடம், கைக்கு அடக்கமான பிடி. இவையெல்லாம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரே லென்ஸில் எடுத்த இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்ல முடியாது. லென்ஸ் பக்கத்திலும் இதே போல ஒரு நல்ல செய்தி உண்டு: 2020இல் வந்த எக்ஸ்சி 35 எஃப் 2இல் இருக்கும் கண்ணாடி அமைப்பு, விலை அதிகமான எக்ஸ்எஃப் 35 எஃப் 2இல் இருப்பதேதான். உலோகக் கூடும் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) வளையமும் மழைப் பாதுகாப்பும்தான் இல்லை. சோனிக்காரர்களுக்கு ஒரே வரி: ஏ6000இல் சிக்மா 30 எஃப் 1.4 மாட்டுங்கள், 16-50 கிட் லென்ஸ் மாட்டிய ஏ6600ஐப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

பாடி ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அங்கே நான் சண்டைக்கு வரமாட்டேன். பறக்கும் பறவை, பந்தைத் துரத்தும் ஆட்டக்காரர், நேராக நம்மை நோக்கி ஓடிவரும் நாய் என்றால் பழைய பாடிகள் தடுமாறும். ஒலிம்பஸ் வரிசையில் 2022இல் வந்த ஓஎம்-1 பறவையின் கண்ணையே அடையாளம் கண்டு பின்தொடர்கிறது, அதை லென்ஸ் மாற்றிப் பெற முடியாது. பானசோனிக்கின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பாடிகளில் ஃபேஸ் டிடெக்ட் ஃபோகஸ் (ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று உடனே கணிக்கும் முறை) வந்ததே 2023இன் ஜி9 மார்க் 2இல்தான், அதற்கு முந்தையவை ஓடும் பொருளை விடாமல் பிடிப்பதில் கொஞ்சம் பின்தங்கியவை. வீடியோதான் முக்கியம் என்பவர்களும் பாடியில்தான் செலவழிக்க வேண்டும். ஆனாலும் ஃபோகஸ் வேகம் முழுக்க பாடியின் கையில் இல்லை. பானசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7 அருமையான படம் தரும் லென்ஸ், ஆனால் ஃபோகஸ் மெதுவானது. எவ்வளவு புதிய பாடியில் மாட்டினாலும் அது அதன் வேகத்தில்தான் போகும்.

லென்ஸ்தான் நீண்ட நாள் வரும் என்பதும் ஒரு நிபந்தனையோடுதான். மவுண்ட் (லென்ஸும் பாடியும் பொருந்தும் இணைப்பு வகை) உயிரோடு இருக்க வேண்டும். சாம்சங் என்எக்ஸ், 2011இல் தொடங்கி 2018இல் முடிந்த நிக்கான் 1, 2012இல் தொடங்கிய கேனானின் ஈஎஃப்-எம் ஆகிய மூன்றும் நின்றுபோயின. அவற்றுக்கு வாங்கிய லென்ஸ்கள் கெட்டுப்போகவில்லை, ஆனால் மாட்டுவதற்குப் புதிய பாடி இல்லை. அதனால் ஒரு மவுண்டில் உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று லென்ஸ்கள் இருக்கின்றனவா, ஒரு நிறுவனத்துக்கு மேல் அதற்கு லென்ஸ் செய்கிறார்களா என்று பாருங்கள். பாடியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து உள்ளே பூஞ்சை இழை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு செங்கல் சுவரை நேராக நின்று, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும், வாங்காதீர்கள்.

எந்த ஃபோகல் நீளம் என்று தெரியவில்லையென்றால், கிட் லென்ஸில் இதுவரை எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் பிரித்து, அவற்றின் தகவல் பகுதியில் என்ன எண் அதிகம் வருகிறது என்று பாருங்கள். 14க்கும் 18க்கும் நடுவே குவிந்திருந்தால் 15 அல்லது 17 மி.மீ. பிரைம், 40ஐ ஒட்டி இருந்தால் 45. எங்கும் குவியாமல் பரவிக் கிடந்தால் 12-40ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.