டான் டன்ஸ்டன் விட்டுப்போன காலி பாட்டில் கணக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவில் காலி பாட்டிலுக்குக் காசு தரும் டிப்போ, முன்னாள் முதல்வர் டான் டன்ஸ்டன் ஆட்சியின் எச்சம். 1967-68இல் ஒருமுறை, பிறகு 1970 முதல் 1979 வரை முதல்வராக இருந்தவர். சட்டசபைக்கு இளஞ்சிவப்பு அரைக்கால்சட்டையில் வந்ததைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது. என் கணக்கில், காலி பாட்டிலுக்குக் காசு தர வைத்த சட்டமே அவருடைய பெரிய வேலை. 1975இல் நிறைவேறி 1977இல் நடைமுறைக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதைத் தொடங்க 2017 ஆனது.

பாட்டில் ஒன்றுக்கு 10 சென்ட். 2008 வரை 5தான். டிப்போவுக்குப் போகுமுன் மூடியைக் கழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அலுமினிய கேன், பிளாஸ்டிக், கண்ணாடி எனத் தனித்தனிப் பையில் கட்டினால் எண்ணுவது சீக்கிரம் முடியும். நசுக்கவோ லேபிளைக் கிழிக்கவோ கூடாது. 10 சென்ட் திருப்பித் தரப்படும் என்ற வாசகம் தெரியாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள்.

பலர் ஏமாறுவது கண்ணாடி ஒயின் பாட்டிலில்தான். அதற்கும் சாதாப் பாலுக்கும் காசில்லை. பீருக்கு உண்டு, ஒயினுக்கு இல்லை என்பது ஒயினுக்குப் பேர்போன மாநிலத்தில் வேடிக்கைதான். பத்துப் பாட்டிலுக்காக வண்டி எடுத்தால் பெட்ரோலுக்கே கட்டாது. இருநூறு சேரட்டும், 20 டாலர் கையில் வரும்.