குறை சொல்கிறோம் என்று மூலக்கோப்பைக் கேட்டால் கொடுக்காதீர்கள்: ஏற்காடு முகாமில் நடந்தது

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பரிமாண மாடலிங் செய்பவர்கள், பொழுதுபோக்காகச் செய்தாலும் பிழைப்பாகச் செய்தாலும், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். "உங்கள் வேலைகளைக் கொண்டுவாருங்கள், அனுபவசாலிகள் பார்த்துக் குறைநிறை சொல்வார்கள்" என்று அழைத்து, ஏற்காட்டில் வார இறுதி முகாம் நடத்துகிறது ஒரு பயிற்சி மையம். அங்கே எங்களிடம் வாங்கிய கோப்புகளை அந்த மையம் தன் சொந்தச் சரக்காக விற்றிருக்கிறது. மையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியாகிவிட்டது. அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவருடைய அறிவுரை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதத்தை எழுதத் தடை ஏதும் இல்லை. அது தெரிந்தால், நாளை வேறு பெயர்ப் பலகையோடு வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. அப்பா காலத்தில் புதிய மாதிரி வேண்டுமென்றால் இரும்பில் அச்சு வெட்டுவார்கள். இப்போது நான் ரைனோ என்ற மென்பொருளில் அளவுகளை வரைந்து, பிளெண்டர் என்ற இன்னொரு மென்பொருளில் பூவையும் மொட்டையும் செதுக்கி, மெழுகு போன்ற பிசினில் அச்சடித்து வார்ப்புக்குக் கொடுக்கிறேன். என்னைப் போல இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நகை செய்பவர், வீட்டு உள்ளலங்காரம் வரைபவர், கணினி விளையாட்டுக்கு வாகனமும் கட்டடமும் செய்யும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கிறோம். செய்ததை யாரிடம் காட்டுவது என்பதுதான் எங்கள் பெரிய குறை. வீட்டில் காட்டினால் "அழகாக இருக்கிறது" என்பார்கள். அன்பு அது; ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த மாடலைத் திருத்த முடியாது. இந்தப் பசியைத்தான் அந்த மையம் பயன்படுத்திக்கொண்டது.

முகாமுக்குக் கட்டணம் 8,500 ரூபாய். விளம்பரத்தில் போட்டிருந்த திரைப்பட வரைகலைக் கலைஞர்கள் இருவரும் வரவில்லை; கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது என்றார்கள். மைய உரிமையாளரும் அவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஓர் இளைஞரும்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். தங்கிய அறையும் சாப்பாடும் மோசம்தான். அவற்றைப் பற்றி நான் சண்டை போடவில்லை.

உள்ளே நுழைந்ததும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "சமர்ப்பிக்கப்படும் படைப்புகளை மையம் கல்வி மற்றும் விளம்பர நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. நகல் கேட்டவர்களுக்கு, மின்னஞ்சலில் வரும் என்று பதில். வரவே இல்லை. அடுத்து பென் டிரைவ் கேட்டார்கள். ரெண்டர் செய்த (மாடலிலிருந்து கணினி உருவாக்கிய) படங்களையும் மாடல் சுற்றிவரும் சிறிய வீடியோவையும் நான் தயாராக வைத்திருந்தேன். உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "படத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும் தம்பி? கோப்பைத் திறந்தால்தானே மெஷ் எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று தெரியும்" என்றார். மெஷ் என்பது மாடலின் பரப்பாக அமையும், முக்கோணம் போன்ற சிறு துண்டுகளால் ஆன வலை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அங்கிருந்த அனைவரும் கொடுத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவின் உயிர். நான் கொண்டுபோனது காபிப்பூ வைத்த ஒரு கொலுசு. கோடை மழைக்குப் பிறகு சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காபிச் செடிகள் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். அந்தப் பூக்கொத்தைக் கொலுசில் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்கள் சொன்ன கருத்துகள் இவை: பூவின் பின்புறத்தைக் குடைந்துவிடுங்கள், எடை குறையும். இதழின் தடிமனை 0.8 மில்லிமீட்டருக்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வார்ப்பில் வெள்ளி முழுவதும் ஓடாது. வளையங்களுக்கு நடுவே இடைவெளி போதாது. ஆறும்போது சுருங்கும், இப்போதே கொஞ்சம் பெரிதாக்கிச் சேமியுங்கள். மொத்தக் கன அளவு எவ்வளவு?

ஒவ்வொன்றும் தொழில்நுட்பப்படி சரி. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தப் பூ கொலுசுக்குப் பொருந்துகிறதா, கொத்து நெருக்கமாக இருக்கிறதா, நடக்கும்போது மணி எங்கே ஆடும் என்று ஒரு வார்த்தை வரவில்லை. கன அளவு கேட்டதன் பொருளை வெள்ளித் தொழிலில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். ஒரு கன சென்டிமீட்டர் தூய வெள்ளி ஏறக்குறைய 10.5 கிராம். கன அளவு கைக்கு வந்தால் எடை வந்துவிடும். எடையோடு சேதாரமும் செய்கூலியும் சேர்த்தால் விலை வந்துவிடும். குறைநிறை சொல்பவருக்கு விலைக் கணக்கு எதற்கு? வார்ப்புக்கு அனுப்ப வேண்டிய கடைசிக் கட்ட வேலையை, கட்டணமும் வாங்கிக்கொண்டு, எங்கள் கையாலேயே செய்ய வைத்தார்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கும் இதேதான் நடந்தது. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவை அவர் பொழுதுபோக்காகச் செய்திருந்தார். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். நேரில் போய்ப் பல கோணங்களில் புகைப்படம் எடுத்து, காரை உதிர்ந்த இடங்களைக்கூட விடாமல் செய்திருந்தார். அவரிடம் சொன்னது: முக்கோணங்களைக் குறையுங்கள், யுவி விரிப்பைச் (நிறமும் படமும் ஒட்டுவதற்காகப் பரப்பைத் தட்டையாக விரித்தது) சீராக்குங்கள், எஃப்பிஎக்ஸ் என்ற வகைக் கோப்பாக மாற்றித் தாருங்கள். அதாவது, விளையாட்டு செய்யும் நிறுவனம் விலைக்கு வாங்கும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அந்த வளைவு மாடல்களை விற்கும் ஒரு தளத்தில் விலை ஒட்டிக் கிடக்கிறது. அதன் படம் மையத்தின் விளம்பரப் பலகையில் "எங்கள் மாணவர் படைப்பு" என்ற வரியோடு நிற்கிறது. அந்தப் பையன் அங்கே ஒரு வகுப்புக்குக்கூடப் போனதில்லை.

என் கொலுசை நான் பார்த்தது கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு முன்பு, சின்னக்கடை வீதியில். ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கியது. காபிப்பூவை யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்று கேட்பீர்கள். நான் ஐந்து இதழ்களையும் நகலெடுக்காமல் தனித்தனியாகச் செதுக்கியிருந்தேன். கீழ் இதழ் ஒன்று உள்நோக்கி மடிந்து, நுனி இடப்பக்கம் திரும்பியிருக்கும். அந்த மடிப்பு அப்படியே அங்கே இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். மாதிரியை அந்த மையத்திடம் பணம் கொடுத்து வாங்கியதாகச் சொல்லி ரசீதையும் காட்டினார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

உரிமையாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் பதறவில்லை. "எஸ்டிஎல் கோப்பில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். அந்தப் பதில் என்னைக் கொதிக்க வைத்தது, ஏனென்றால் அவர் தெரிந்தே பேசினார். எஸ்டிஎல் என்பது 1987இல் முதல் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்காக உருவான கோப்பு வகை. அதில் முக்கோணங்கள் மட்டுமே இருக்கும். நிறம் இல்லை, அளவின் அலகு இல்லை, செய்தவர் பெயருக்கென்று இடமும் இல்லை. இரும வடிவக் கோப்பின் தலையில் 80 பைட் காலியாக இருக்கும்; பெயரை அங்கே எழுதினாலும், வேறொருவர் திறந்து மறுபடி சேமித்தால் அழிந்துவிடும்.

ஆனால் கோப்பில் பெயர் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. வழக்கறிஞர் விளக்கியதைச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படைப்பு, என்ன உரிமை என்று குறிப்பிட்டு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. "கல்வி மற்றும் விளம்பர நோக்கம்" என்ற ஒற்றை வரி விற்பனைக்கு உரிமை கொடுக்காது என்பது அவருடைய வாதம். படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, மற்ற உரிமைகளை விற்ற பிறகும் படைத்தவரிடமே இருக்கும். அது 57ஆம் பிரிவு. அம்மாப்பேட்டை மாணவருக்கு இதுதான் பெரிய பிடி.

கொலுசு மாதிரியானவற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தொழில்முறையில் திரும்பத் திரும்பச் செய்யும் பொருளின் வடிவத்துக்குப் பதிப்புரிமையை மட்டும் நம்பியிருக்க முடியாது. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். அந்தப் படிவத்தை "அனுமதி" என்று காட்ட முயல்வார்கள் என்பதால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டியது வெளியீடாகக் கருதப்படாது என்று 16ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆகவே யாரிடம் காட்டினாலும், "கருத்துக்காக மட்டும், நம்பிக்கையின் பேரில் காட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுக் காட்டுங்கள்.

எனக்குக் கைகொடுப்பது என் பழைய கோப்புகள். ஒவ்வொரு கட்டத்தையும் எண் போட்டுத் தனித்தனியாகச் சேமிப்பது என் வழக்கம். ஒரு கோளம் மொட்டான கதை முழுவதும், நான் கைவிட்ட ஆறிதழ்ப் பூ உட்பட, தேதியோடு இருக்கிறது. அந்த மையத்திடம் இருப்பது கடைசிக் கோப்பு மட்டும்.

உண்மையான கருத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம். எங்கள் பட்டறையில் பற்றவைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கணினியைத் தொட்டதே இல்லை. அதே கொலுசு சுற்றும் வீடியோவைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த இதழ் நுனி சேலைக் கரையில் மாட்டும்" என்றார். பெங்களூரில் விளையாட்டு நிறுவனத்தில் இருக்கும் நண்பர், மெஷ்ஷின் கோடுகள் மட்டும் தெரியும் வயர்ஃபிரேம் படத்தை மட்டும் பார்த்து, காம்பு சேருமிடத்தில் மெஷ் இழுபடுவதைச் சொன்னார். இருவரும் கோப்பைக் கேட்கவில்லை.

ஆகவே படங்கள் போதும். நிறம் பூசாத சாம்பல் ரெண்டர், வயர்ஃபிரேம், சுற்றும் வீடியோ, அளவு குறித்த ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கொண்டு சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சொல்லலாம். மெஷ்ஷைத் திறந்தே பார்க்க வேண்டிய நிலை வந்தால், சிக்கல் உள்ள துண்டை மட்டும் வெட்டிக் கொடுங்கள், அல்லது முக்கோணங்களை வெகுவாகக் குறைத்த நகலைக் கொடுங்கள். இன்னொன்று: "திருத்தித் தருகிறோம்" என்று அவர்கள் திருப்பிக் கொடுத்த கோப்புகளைக் கவனமாகத் திறங்கள். பிளெண்டர் கோப்புக்குள் பைத்தான் நிரல் இருக்க முடியும். அது தானாக ஓடுவதைப் பிளெண்டர் இயல்பாகவே தடுத்து வைத்து உங்களிடம் கேட்கும், அனுமதிக்காதீர்கள்.

இந்த மையத்தின் ஏற்காடு முகாம்களுக்குப் போனவர்கள் யாராக இருந்தாலும், கட்டண ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, அந்தப் படிவத்தைக் கைபேசியில் எடுத்த படம் என எது இருந்தாலும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். உங்கள் மாடல் எங்காவது விற்பனைக்குக் கிடந்தால், அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்யுங்கள். முதலில் புகார் செய்தால் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். அறிவிப்புக்கு அவர்கள் பதில் தர இன்னும் அவகாசம் இருக்கிறது. பலர் சேர்ந்தால் தனித்தனியாக இல்லாமல் ஒரே புகாராகக் கொடுக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.