எந்தக் கொடியை விதைப்பது? மார்னிங் குளோரி, மயில்மாணிக்கம், ஸ்வீட் பீ, அவரை

விதைப் பொட்டலத்தின் மேலுள்ள பூப்படத்தைப் பார்த்தே பலரும் ஓராண்டுக் கொடியைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் அந்தக் கொடி எதைப் பற்றி ஏறுகிறது, எந்த வெப்பநிலையில் பூக்கிறது என்னும் இரண்டையும் முதலில் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

மார்னிங் குளோரியும் மயில்மாணிக்கமும் ஐப்போமியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் வெயிலை விரும்புபவை, தண்டாலேயே சுற்றி ஏறுபவை என்பதால், மேலிருந்து தொங்கவிட்ட கயிறே அவற்றுக்குப் போதுமானது. விதைத்தோல் கடினமாக இருப்பதால், விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உப்பியவற்றை மட்டும் ஊன்றிவிட்டு, அப்படியே கிடப்பவற்றை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து மீண்டும் ஊறவைக்கலாம். பிடுங்கி நட்டால் வேர் அலைந்து இரண்டுமே வாடும் என்பதால், வளரப்போகும் இடத்திலேயே விதைப்பது நல்லது. எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிகும், பூ குறையும்.

வேறுபாடு இலையில் இருக்கிறது. மார்னிங் குளோரி 3 மீட்டர் வரை ஏறி, இதய வடிவ இலைகளால் சன்னலையே மறைத்துவிடும். மயில்மாணிக்கத்தின் இலையோ இறகு போல நுணுகியது. சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரப் பூக்களைத் தாங்குமே தவிர, நிழல் தராது. இரண்டையும் ஒரே கயிற்றில் ஏற்றிப் பார்த்தபோது மயில்மாணிக்கம் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. ஆயினும், மார்னிங் குளோரியின் பூக்கள் வெயில் ஏறியதும் சுருங்கிவிடுவதால், விடியலில் வெளியே சென்று மாலையில் வீடு திரும்புவோருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்வீட் பீயின் இயல்பு இவற்றுக்கு நேர்மாறானது. 1699-இல் சிசிலித் தீவிலிருந்து பிரான்செஸ்கோ குபானி என்னும் துறவி இங்கிலாந்துக்கு அனுப்பிய விதைகளிலிருந்து அங்கே பரவிய இக்கொடி, குளிர்ந்த பருவத்தில் மட்டுமே செழித்து, வெப்பம் கூடியதும் பூப்பதை நிறுத்திவிடும். இலை நுனியிலுள்ள பற்றுக்கம்பிகளால் ஏறுவதால் தடித்த கழியை அதனால் பற்ற முடியாது. வலையோ சுள்ளியோ வேண்டும். நறுமணத்தில் இந்நான்கில் அதற்கு இணையில்லை. பூக்களை அடிக்கடி பறிக்காமல் காய்க்கவிட்டால் பூப்பது குன்றிவிடும்.

அவரை இயல்பில் பல்லாண்டுக் கொடி. வழக்கத்தில் ஓராண்டுப் பயிர். ஊதாப் பூ, இளங்காய், மண்ணுக்குத் தழைச்சத்து என மூன்றும் தருவதால், ஒரே ஒரு கொடிக்குத்தான் இடமுண்டு என்றால் இதையே விதைப்பேன். பல வகைகள் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் என்பதால், மிக முந்தி விதைத்துவிட்டுப் பொறுமை இழக்க வேண்டியதில்லை. முற்றிய விதைகளை நன்கு வேகவைக்காமல் உண்ணக் கூடாது.

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மார்னிங் குளோரி, ஸ்வீட் பீ ஆகியவற்றின் விதைகள் நச்சுத்தன்மை உடையவை, அதிலும் ஸ்வீட் பீயின் காய் பார்வைக்குப் பச்சைப் பட்டாணியைப் போலவே இருக்கும்.