இஸ்லாமியத் தொழில் ஒழுக்கத்தை அளக்கும் வினாக்கொத்து: ஒரு தாதியின் மதிப்பீடு

ஆய்வாளர் அப்பாஸ் அலி 1988இல் 46 வாக்கியங்களோடு உருவாக்கிய அளவுகோல் இது. மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் வேலை செய்யும் எங்கள் கைக்கு வந்தது அதன் 17 வாக்கியச் சுருக்கம். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று 1 முதல் 5 வரை அடையாளமிட வேண்டும்; 5 என்றால் முழுச் சம்மதம். டியூட்டி மாறும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். பெரும்பாலானவை எந்த மதத்தவரும் ஒத்துக்கொள்ளக்கூடியவை. சிங்களத் தாதிமாரும் தயங்காமல் நிரப்பினார்கள்.

என் மனதில் நின்றது ஒரு வாக்கியம். வேலைக்கு மதிப்பைத் தருவது அதன் பலனைவிட அதற்குப் பின்னாலுள்ள நிய்யத், அதாவது எண்ணம், என்கிறது அது. நபிமொழித் தொகுப்பான புகாரியின் முதல் ஹதீஸும் இதுதானே. விடிய விடியப் பக்கத்திலிருந்து பார்த்த நோயாளி சுபஹுத் தொழுகைக்கு முன் கண்மூடிவிட்டால், அந்த இரவின் உழைப்புக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. இந்தத் தாளில் இருக்கிறது. அதற்காகவே இதை மதிக்கிறேன்.

ஆனால் 'சோம்பல் ஒரு தீய குணம்' என்பதற்கு எந்தத் தாதி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று போடுவாள்? எங்களிடம் தாளைத் தந்தவர்கள் மேலே பெயரையும் எழுதச் சொன்னார்கள். பிறகென்ன, எல்லாருக்கும் 5தான். ஒருவர் எதை நல்லதென்று நம்புகிறார் என்பது இதில் தெரியும். வார்ட்டில் எப்படி நடக்கிறார் என்பது தெரியாது.

பெரிய குறை, இதில் நோயாளியே இல்லை. பொதுவான வேலைத்தலங்களுக்கென்று செய்தது அல்லவா. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி பஸ் பிடித்து வருவதற்குள் நம்பர் கொடுத்து முடிந்திருக்கும். நாளைக்கு வா என்று அனுப்புகிறோமா, டொக்டரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறோமா? மருந்து உறையில் சிங்களத்தில் இருப்பதைத் தமிழில் விளங்கப்படுத்துகிறோமா? பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் அவளது நோயைப் பேசுகிறோமா? தாதி வேலையில் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, இதுதான். இதைக் கேட்காமல் சுகாதாரத் துறையினரின் தொழில் ஒழுக்கத்தை அளந்ததாக நான் ஏற்க மாட்டேன்.

ஆய்வு மாணவர்கள் இதைப் பயன்படுத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பெயர் கேட்காதீர்கள், மூடிய பெட்டி வைத்துத் தாள்களை வாங்குங்கள். நோயாளர் பற்றிய வாக்கியங்களைச் சேர்த்து, முதலில் சிலரிடம் கொடுத்துச் சோதியுங்கள். கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் அந்த அக்காவிடமும் தனியாகத் தமிழில் கேளுங்கள், நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்று.