பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் அம்மாவின் கைப்பேசி

எங்கள் வீட்டில் கைப்பேசியில் பேசுவதற்கென்று அம்மா ஓர் இடம் வைத்திருந்தார்: மாடிப்படியில் ஏழாவது படி. எழுபத்து மூன்று வயதில், முட்டி வலியோடு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி அவர் அங்கே நின்று பேசுவதை, நான் நியூ ஜெர்சியிலிருந்து வந்து இறங்கிய அன்று மாலையே பார்த்தேன். "கீழ நின்னா கட் ஆயிடுதும்மா, இங்க வந்தாத்தான் கேக்குது" என்றார். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற அறிவிப்பை நியூ ஜெர்சியிலிருந்து அழைக்கும்போது நான் எத்தனையோ இரவுகளில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், அம்மா கைப்பேசியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது வருந்துகிறேன். பதினெட்டு நாள் விடுமுறையில் இதை முதலில் சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

என் சொந்தக் கைப்பேசியின் கதை சிறியது. போன முறை வாங்கிய இந்திய எண் போய்விட்டது. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் வரிசையிலிருந்து சிம் செருகும் தட்டே கிடையாது என்பதால் புது எண்ணை இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக, கேட்டு வாங்கினேன். தவணையில் வாங்கிய கைப்பேசியென்றால் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள நிறுவனத்திடம், வேறு நிறுவன சிம்மை ஏற்காதபடி அவர்கள் போட்டிருக்கும் லாக்கை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இங்கே எந்த சிம்மும் அதில் வேலை செய்யாது.

அம்மாவின் சிக்கலில், பழுது கைப்பேசியிலா, சிம்மிலா, வீட்டிலா, டவரிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. எல்லோரும் "டவர் சரியில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அம்மாவின் சிம்மைச் சித்தி மகனின் கைப்பேசியிலும், வேறு நிறுவனத்தின் சிம்மான அவனுடையதை அம்மாவின் கைப்பேசியிலும் மாற்றிப் போட்டேன். அவனுடைய புதிய கைப்பேசியில்கூட அம்மாவின் சிம் 2ஜியைத் தாண்டவில்லை. அவனுடைய சிம் அம்மாவின் கைப்பேசியில் 4ஜியை எடுத்தது, ஆனால் எதிரில் பேசுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. வீட்டின் கீழ்த்தளத்திலோ இரண்டு சிம்முமே தடுமாறின. ஆக ஒன்றல்ல, மூன்று பழுதுகள் இருந்தன.

குரல் மங்கியதற்குக் காரணம் பார்த்தவுடன் தெரிந்தது. அம்மா கைப்பேசியைச் சுருக்குப்பையில், வடிவுடையம்மன் கோயில் விபூதி, குங்குமப் பொட்டலங்களோடு வைத்திருப்பார். காது வைக்கும் இடத்திலுள்ள மெல்லிய கம்பிவலையின் கண்கள் எல்லாம் வெண்மையும் சிவப்புமாக அடைத்துக் கிடந்தன. கைப்பேசியை அணைத்து, வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ஈரமில்லாத மிருதுவான பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் தட்டித் துடைத்ததும் பொடி உதிர்ந்தது. ஊசி கொண்டு குத்தக் கூடாது, வலை கிழிந்துவிடும். பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லையென்றால் அடிப்பக்கத்து மைக் துளையையும், மேல்பக்கத்தில் இரைச்சலைக் குறைப்பதற்கென்று இருக்கும் இரண்டாவது மைக்கையும் பார்க்க வேண்டும். பொருந்தாத சிலிகான் உறை அவற்றை மூடிவிடுவதுண்டு.

சிம்முக்காக ஜி.ஏ. சாலைப் பக்கமுள்ள கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் சிம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பழசும்மா, பெரிய சிம்மை வெட்டிப் போட்டிருக்காங்க, 4ஜி எடுக்காது" என்றார். மாற்றித் தருவதற்கு ஆதார் கைரேகை வேண்டும். நாற்பது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? வலக்கையில் ஒரு விரலும் பொருந்தவில்லை. அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, இடக்கை மோதிர விரலை வைத்துப் பார்த்தபோதுதான் பச்சை விளக்கு எரிந்தது. அவருடைய பொறுமைக்கு இங்கே நன்றி சொல்லியாக வேண்டும்.

சிம் மாற்றுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சிம் மாற்று மோசடியைத் தடுப்பதற்காக, புது சிம் இயங்கத் தொடங்கிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வருவதையும் போவதையும் நிறுத்திவைக்கும் முறை 2022இல் வந்தது. அதனால் வங்கி ஓடிபி வராது. பணம் அனுப்புவது, மருந்து வாங்குவது எல்லாவற்றையும் சிம் மாற்றுவதற்கு முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது. அதேபோல் 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாட்கள் ஆகும்வரை எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. எண்ணை மாற்ற நினைப்பவர்கள், அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரை வீட்டுக்கு அழைத்து, சமையலறையிலும் படுக்கையறையிலும் நின்று பேசிப் பார்த்த பிறகே, மாற்றக் கோரி 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

புது சிம்மோடு, அமைப்புகளில் அணைந்து கிடந்த வோல்ட்டியையும் (4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வசதி) இயக்கியதும் மாடியில் குரல் மணிபோல் கேட்டது. கீழ்த்தளத்தில் மட்டும் பழைய நிலைதான். சிக்னல் கோடுகளை நான் நம்பவில்லை, ஏனென்றால் எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கைப்பேசித் தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'அபவுட் போன்' பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். கழித்தல் குறியோடு வரும் அந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. மொட்டை மாடியில் −88, ஏழாவது படியில் −104, கூடத்தில் −113 இருந்தது. மாடிக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள இந்த 25 அலகு வேறுபாட்டின் பொருள், கூடத்துக்கு வந்து சேரும் சிக்னல் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான் என்பது. அம்மா எந்தக் கணக்கும் பார்க்காமல், காதை மட்டும் வைத்து ஏழாவது படியைக் கண்டுபிடித்திருந்தார்.

வட சென்னையின் பழைய தெருக்களில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். தேக்கு உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, ஒன்றரை அடிச் சுவர், இரு பக்கமும் ஒட்டி நிற்கும் வீடுகள், முன்னும் பின்னும் மட்டுமே திறப்பு. இப்போது இடப்பக்க வீட்டை இடித்து இரும்புக் கம்பியும் கான்கிரீட்டுமாக நான்கு மாடி எழுப்பியிருக்கிறார்கள். இத்தனையையும் கடந்து உள்ளே வருவதற்குள் அலை தேய்ந்துவிடுகிறது. 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் 850, 900 அலைவரிசைகளைவிடச் சுவரில் அதிகம் தேய்கின்றன.

தெரிந்தவர் ஒருவர் மாடியில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவி மாட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்று மறுத்துவிட்டேன். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அதோடு, அது கிளப்பும் இரைச்சல் டவரைக் குழப்பித் தெருவிலுள்ள மற்றவர்களின் அழைப்பைக் கெடுக்கும். நமக்குக் கேட்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் அழைப்பை அறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தீர்வு வீட்டுக்குள்ளேயே இருந்தது. கேபிள்காரர் கொடுத்த பிராட்பேண்ட் இணைப்பு தொலைக்காட்சிக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண அழைப்பை வீட்டு வைஃபை வழியே கொண்டுசெல்லும் வைஃபை காலிங் வசதியை இந்தியாவின் பெரிய நிறுவனங்களான ஏர்டெல்லும் ஜியோவும் 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலுமே கொண்டுவந்துவிட்டன. அதே எண், அதே ரீசார்ஜ், தனிச் செயலி எதுவும் வேண்டாம். அமைப்புகளில் அதை இயக்கி, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரவுட்டரைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உயரமாக மாட்டினேன். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், அப்போது அம்மா இருட்டில் படியேறுவார் என்ற கவலையில் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றையும் வாங்கி இணைத்தேன். இந்தப் பயணத்தில் நான் செலவழித்த பணத்திலேயே மிகப் பயனுள்ளது அதுதான்.

தெரு முழுவதற்குமான குறை இன்னும் மிச்சமிருந்தது. நிறுவனத்தின் புகார் சேவையான 198க்கு அழைத்துப் புகார் எண் வாங்கினேன். மூன்றாம் நாள், யாரும் வந்து பார்க்காமலே, தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. புகார் எண்ணைக் குறிப்பிட்டு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதினேன். அதன் பிறகு ஒரு பொறியாளர் அழைத்து, தெருமுனை வீட்டு மாடியிலிருந்த டவரைக் கதிர்வீச்சு பயத்தால் குடியிருப்பவர்கள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று விளக்கினார். அந்த அச்சத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இந்தியா 2012 செப்டம்பர் முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே டவர்களுக்கு அனுமதிக்கிறது என்பதும், டவர் தொலைவில் இருந்தால் காதோடு ஒட்டியிருக்கும் கைப்பேசிதான் கூடுதல் ஆற்றலோடு அலை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதும் அந்த வீட்டாருக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் நானே போய் உட்கார்ந்து பேசினேன். கேட்டுக்கொண்டார்கள், யோசிப்பதாகச் சொன்னார்கள்.

மேல்முறையீட்டு எண்ணையும், "கேட்கவில்லை என்றால் விமானப் படத்தைத் தொட்டு, பத்து எண்ணி, மறுபடி தொடவும்" என்ற வரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். நேற்றிரவு அழைத்தபோது இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது.