கையால் அழுத்தும் பால் பம்ப்: சிசேரியன் ஆன தாய்மாருக்கு எப்போது, எப்படி?

தர்மபுரி டவுன் மெடிக்கல் கடைகளில் தாய்ப்பால் எடுக்க இரண்டு வகைக் கைப் பம்ப் கிடைக்கிறது. ரப்பர் உருண்டையை அமுக்கும் பழைய வகையை வாங்கவே வேண்டாம். இழுவையைக் கட்டுப்படுத்த முடியாமல் காம்பு புண்ணாகும். உருண்டைக்குள் ஏறிய பாலைக் கழுவி எடுக்கவும் வழியில்லை. கைப்பிடியை அழுத்தி விடும் வகை நல்ல சாமான். ஆனால் அதை எடுக்க ஒரு நேரம் இருக்கிறது.

நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்குப் போகிறவர்கள் பலர் இதையும் பையில் வைத்துக்கொள்கிறார்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் முதல் இரண்டு நாள் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். அப்போது வருவது சீம்பால். வேளைக்குச் சில மில்லிதான், கெட்டியாக இருக்கும். பம்பில் இழுத்தால் மார்பில் வைக்கும் புனலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், பாட்டிலில் ஒன்றும் தெரியாது. உடனே வீட்டில் "பாலே இல்லையே" என்ற பேச்சு வந்துவிடும், பின்னாடியே பவுடர் டப்பாவும் வந்துவிடும். கையால் பீய்ச்சி ஸ்பூனில் பிடித்தால் அந்தச் சீம்பால் வீணாகாது. பிரசவ வலி வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்தால் பால் இறங்க ஒரு நாள் தள்ளிப்போவது உண்டு. அதுவரை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குழந்தையை மார்பில் போடுவதுதான் சுரப்பைக் கூட்டும். தையலில் கால் படாமல் இருக்கக் குழந்தையைக் கக்கத்துப் பக்கமாக, கால் பின்னால் போகும்படி பிடியுங்கள். குழந்தை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தால் மட்டும் முதல் நாளே கையால் எடுக்க ஆரம்பித்து, பம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம், நான்காம் நாளில் பால் கட்டும்போதுதான் இந்தப் பம்ப் கைகொடுக்கும். டிரிப்ஸ் ஏற்றிய உடம்பில் காம்பைச் சுற்றிய கருவட்டமும் நீர் கோத்துக் கல்லாக இருக்கும். அப்படியே புனலை வைத்தால் நீர் இன்னும் முன்னால் வந்து அடைத்துக்கொள்ளும். முதலில் காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். வட்டம் இளகியதும் புனலை வையுங்கள். நிமிர்ந்து உட்கார வேண்டும். சாய்ந்தால் பால் பம்பின் மேலே உள்ள, இழுவை உண்டாக்கும் ரப்பர்ச் சவ்வுக்குப் போய் இழுவை குறையும். காம்பு புனல் சுவரில் உரசினால் அளவு சின்னது, கருவட்டமும் உள்ளே இழுபட்டால் பெரியது.

"பம்ப் இழுக்கலை" என்றால் பெரும்பாலும் கோளாறு வால்வில்தான். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்த ரப்பர்த் துண்டின் இரண்டு உதடுகளும் ஒட்டி மூடியிருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உப்பு படிந்து உதடு திறந்தே நிற்கும். குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். நகத்தால் சுரண்டினால் கிழிந்துபோகும்.

கூடவே வரும் நிப்பிளை ஒதுக்கிவிட்டுப் பாலாடைச் சங்கில் புகட்டுவது நல்லது. எடுத்த பால் 25 டிகிரி வரையில்தான் 4 மணி நேரம் தாங்கும். நம்மூர் சித்திரை வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்துவிடுங்கள், கதவில் வேண்டாம். பாட்டிலில் எத்தனை மில்லி என்று பார்த்துச் சுரப்பைக் கணக்குப் போடாதீர்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் 6 தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது உதிரி வால்வு இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.