நாலு வருஷ ட்ராவல் சாக்கர்: கொடுத்த காசுக்குக் கிடைத்தது என்ன?

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து ட்ராவல் சாக்கர் (தேர்வு வைத்து எடுத்து, வெளியூர் அணிகளோடு ஆடவைக்கும் கால்பந்து) கிளப் ஒன்றில் என் மகள் நாலு வருஷமாக விளையாடுகிறாள். கிளப் பெயர் வேண்டாம். நான் எழுதப்போவதில் முக்கால்வாசி அடுத்த ஊர் கிளப்புக்கும் அப்படியே பொருந்தும். ட்ரையவுட் (டீம் தேர்வு) நெருங்குவதால் வாட்ஸப்பில் வாரத்துக்கு இரண்டு பேராவது "சேர்க்கலாமா, காசுக்கு வொர்த்தா?" என்று கேட்கிறார்கள், எல்லோருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சிங்குக்கு ஐந்துக்கு நாலரை. கிளப் நிர்வாகத்துக்கு இரண்டு. மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு, என்னையும் சேர்த்து, ஒன்று.

காசு விஷயம். இந்த வருஷ ஃபீஸ் 2,600 டாலர். யூனிஃபார்ம் தனி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டிசைனை மாற்றிவிடுவார்கள், ஒரு செட் 300-க்குக் குறையாது, பழைய ஜெர்சியைத் தங்கைக்குப் போட்டுவிடலாம் என்று கனவு காணாதீர்கள். வெளியூர் டோர்னமென்ட் என்றால் அவர்கள் கைகாட்டும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், நம் கையில் இருக்கும் பாயின்ட்ஸ் எதுவும் செல்லாது. பெட்ரோல், டோல் எல்லாம் கூட்டினால் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. அதே ஊரில் டவுன் ரெக் லீக், அதாவது தேர்வு எதுவும் இல்லாமல் யாரும் சேரும் உள்ளூர் லீக், 150 டாலருக்கு நடக்கிறது. அங்கேயும் பந்து உருண்டைதான்.

பிறகு ஏன் சேர்த்தோம்? சொல்லவே வெட்கமாக இருக்கிறது: காலேஜ் ஸ்காலர்ஷிப். ஷூ லேஸ் கட்டத் தெரியாத குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்குப் போட்டோம். 2025 வரை என்சிஏஏ (காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பு) முதல் டிவிஷனில் ஒரு பெண்கள் அணிக்கு மொத்தமே 14 முழு ஸ்காலர்ஷிப்தான், ஆண்கள் அணிக்கு 9.9, அதையும் இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது அந்த உச்சவரம்பு போய், பல காலேஜ்களில் அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது, ஆனால் 28 பேருக்கும் கொடுக்க காலேஜிடம் பட்ஜெட் இருந்தாக வேண்டுமே. "அந்த நாலாயிரத்தை வருஷா வருஷம் 529-ல் (காலேஜ் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) போட்டிருக்கலாம்" என்று என் மனைவி சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் வந்தது. காலேஜ் செலவுக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு 529 கணக்கு திறக்கப் போகலாம்.

சரி, கோச்சிங்.

2022 செப்டம்பர், யூ-9 (ஒன்பது வயதுக்குட்பட்டோர்), ஏழுக்கு ஏழு ஆட்டம். எங்கள் கோல்கீப்பர் கையில் பந்து. இந்த வயதில் விதி என்னவென்றால் எதிரணி, கோலுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போட்டிருக்கும் 'பில்ட்-அவுட்' கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாக வேண்டும், கீப்பரும் கையிலிருந்து பந்தை விட்டு ஓங்கி உதைக்கக் கூடாது. பின்னாலிருந்து பாஸ் பண்ணி விளையாடக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு இதைக் கொண்டுவந்தது. கீப்பர் பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்கு உருட்டுகிறாள். அந்த டிஃபெண்டர் என் மகள். அவள் பந்தைக் காலால் நிறுத்துவதற்குள் எதிரணியின் நெட்டையான பெண் ஒருத்தி அந்தக் கோட்டிலிருந்து பாய்ந்து வந்து பிடுங்கி கோல் போட்டுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அச்சு அசலாக இன்னொன்று. அன்றைக்கு வாங்கிய ஏழு கோலில் நாலு இப்படித்தான். எங்கள் நாற்காலி வரிசை கொதித்துப்போய் "அடிச்சு வெளிய தள்ளு" என்று நாலைந்து மொழியில் கத்திக்கொண்டிருக்க, கோச் கையைக் கட்டியபடி "மறுபடி, அதே மாதிரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு அப்பா நேராகப் போய்ச் சண்டை பிடித்தார். கோச் குரலை உயர்த்தவில்லை. "பெரிய பெண்ணைப் பின்னால் நிறுத்தி ஓங்கி உதைக்கச் சொன்னால் அடுத்த வாரமே ஜெயிக்கலாம். 13 வயதில் எல்லோரும் பெரிதாகிவிடுவார்கள். அப்போது இவளிடம் வேறு என்ன இருக்கும்?" அந்த அப்பா அடுத்த வருஷம் குழந்தையை வேறு கிளப்புக்கு மாற்றிவிட்டார். நானும் மாற்றியிருப்பேன், மகள் அடம் பிடித்ததால் இருந்தோம்.

அதே அணியை யூ-11-ல் மறுபடி சந்தித்தோம், ஒன்பதுக்கு ஒன்பது ஆட்டம். மறுபடியும் தோல்விதான், 2-1. ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது வேறு. பந்து வருவதற்கு முன்னாலேயே என் மகள் இடது தோளுக்கு மேல் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், உடம்பைக் கொஞ்சம் திறந்து, பந்திலிருந்து தள்ளி இருந்த காலால் அதை வாங்கி, அந்த ஒரே தொடுதலில் துரத்தி வந்த நெட்டைப் பெண்ணைத் தாண்டிவிட்டாள். மூன்று வினாடிகூட இருக்காது. ஸ்கோர்ஷீட்டில் இதற்கு இடமே இல்லை. இரண்டு குளிர்காலம் ஸ்கூல் ஜிம்முக்குள் சின்னப் பந்தை வைத்து ஃபுட்சல் ஆடியதன் பலன் அது. இந்த நாலு வருஷத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது என்றால் அந்த ஃபுட்சல் ஒன்றுதான். (இப்போது இந்தியன் ஸ்டோரில் வண்டி தள்ளும்போதும் தோளுக்கு மேல் பார்க்கிறாள். வீட்டில் எல்லோரும் கிண்டல் பண்ணுகிறோம்.)

இனி பெற்றோர்களுக்குப் போட்ட அந்த ஒரு மார்க்குக்கு வருகிறேன். நான் கத்துவது தமிழில். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். "தள்ளாத, அடி! ஷூட் பண்ணு! எதுக்கு நிக்கிற?" யூ-10-ல் ஒரு சனிக்கிழமை, கோல் எதிரில் காலில் பந்தோடு நின்றவள் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பந்தையும் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை. பந்து போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது ரூட் 1 டிராஃபிக்கில் பின் சீட்டிலிருந்து கேட்டாள்: "அப்பா, கோச் பாஸ் பண்ணுங்கறார், நீங்க ஷூட் பண்ணுங்கறீங்க. நான் யார் சொல்றதைக் கேக்கட்டும்?" வழக்கமாக அந்தக் காரில்தான் நான் முழு ஆட்டத்தையும் அக்கு அக்காகப் பிரித்து விமர்சனம் செய்வேன். அன்றைக்கு ரேடியோ போட்டுக்கொண்டு வந்தேன். அப்புறம் நாற்காலியைக் கார்னர் கொடிப் பக்கம் தள்ளிப் போட ஆரம்பித்தேன், வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.

நிர்வாகத்துக்கு ஏன் இரண்டு? யூ-10 ட்ரையவுட் முடிந்ததும் இவளை பி டீமில் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஓரிரண்டு நாளில் டெபாசிட் கட்டு, கட்டினால் திரும்ப வராது என்ற மிரட்டலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஃபீஸ் ஏ டீமுக்கும் பி டீமுக்கும் ஒன்று. நான் மேலே புகழ்ந்த கோச் போனது ஏ டீமுக்கு. எங்களுக்கு வந்தவர் ஒரு காலேஜ் பையன், நல்ல பையன்தான், மாதத்துக்கு இரண்டு தடவை பரீட்சை என்று வரமாட்டான். பி டீம் காசில் ஏ டீம் நடக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நான்தான், அதற்கப்புறம் எனக்கு மெயில் பதில் வருவது குறைந்துவிட்டது. யூ-11-ல் ஏ டீமுக்கு எடுத்தார்கள், அங்கே வேறு கதை: 60 நிமிஷ ஆட்டத்தில் ஒருநாள் இவள் ஆடியது 17 நிமிஷம். கேட்டால் "ப்ரைவேட் ட்ரெய்னிங் வைத்துப் பாருங்கள்" என்று பதில். மணிக்கு 80 டாலர். சொல்லிக்கொடுப்பது யார்? டீம் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காரும் அதே ட்ரெய்னர்களில் ஒருவர். இதற்கு ஊரில் என்ன பெயர் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன விஷயம் ஒன்று உண்டு. இவள் பிறந்தது 2014 நவம்பர். 2017 வாக்கிலிருந்து இங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1 கணக்கில் ஓடுகிறது, அதாவது 2014 ஜனவரியில் பிறந்த பெண்ணும் இவளும் ஒரே அணிக்குப் போட்டி. ஒன்பது வயதில் பத்து மாதம் என்பது சின்ன விஷயமில்லை. ட்ரையவுட்டில் நம்பர் பேப்பரை முதுகில் குத்திக்கொண்டு நாற்பது பேர் ஒன்றரை மணி நேரம் ஓடும்போது கண்ணில் படுவது யார்? ஏ டீம் லிஸ்ட்டில் பிறந்த மாதத்தை நானே எழுதிப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வெப்சைட்டில் முதல் வரியே "டெவலப்மென்ட்"தான், தேர்ந்தெடுத்ததோ ஏற்கெனவே வளர்ந்தவர்களை.

எங்கள் மாநிலத்து டெல்ரன் ஊர்க்காரர், பிற்பாடு அமெரிக்கப் பெண்கள் அணியின் நட்சத்திரமான கார்லி லாய்டை 2003-ல் 21 வயதுக்குட்பட்டோர் தேசிய அணியிலிருந்தே நீக்கினார்கள். 2015 உலகக் கோப்பை ஃபைனலில் ஜப்பானுக்கு எதிராக முதல் 16 நிமிஷத்தில் ஹாட்ரிக் அடித்தார். இதை நான் மகளிடம் சொன்னதில்லை, அவள் பி டீமைத் தாங்கிக்கொண்டாள். பி டீம் மெயில் வந்த ராத்திரி தூங்காமல் கிடந்தது நான், இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை.

லீக் பெயர்களில் மயங்க வேண்டாம். ஈசிஎன்எல், எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்று பேட்ஜ் பேட்ஜாக மாறும். 2007-ல் ஆரம்பித்து எல்லோரும் தவம் கிடந்த, சாக்கர் கூட்டமைப்பே நடத்திய டெவலப்மென்ட் அகாடமி லீக்கை 2020 ஏப்ரலில் ஒரே நாளில் இழுத்து மூடிவிட்டார்கள், அதே பிள்ளைகள் அதே டர்ஃபில் வேறு பேட்ஜோடு விளையாடப் போனார்கள். ட்ரையவுட்டுக்குப் போனால் லீக்கைக் கேட்காதீர்கள். பி டீமுக்கு யார் கோச், ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது எத்தனை நிமிஷம், குளிர்காலத்தில் ஃபுட்சல் உண்டா, இது மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் ரெக் லீக்கில் இன்னொரு வருஷம் ஆடட்டும், குடி முழுகாது.

நாங்கள் தொடர்கிறோமா? தொடர்கிறோம், மகள் விட மாட்டாள். 2026-27 சீசனிலிருந்து பெரும்பாலான லீக்குகளில் வயதுக் கணக்கு ஆகஸ்ட் 1-க்கு மாறுகிறது. அதனால் இவள் யூ-12-லேயே இன்னொரு வருஷம், அணியில் மூத்தவர்களில் ஒருத்தியாக. நாலு வருஷமாக நான் புலம்பியதற்கு வழி பிறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் இவளுடைய உயிர்த்தோழி பிறந்தது 2014 ஜூனில். அவள் யூ-13-க்குப் போகிறாள், பதினொருவர் ஆட்டம், பெரிய மைதானம், அங்கே அந்தத் தோழி கடைக்குட்டிகளில் ஒருத்தி. அவள் அம்மா போன வாரம் பார்க்கிங் லாட்டில் கார் கண்ணாடியை இறக்கி, "ப்ரைவேட் ட்ரெய்னிங் போடலாமாண்ணா, மணிக்கு 80 கேக்கறாங்களே" என்றார். பின் சீட்டில் இரண்டு பெண்களும் ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரிலிருந்து செவ்வாய், வியாழன் கார்பூலுக்கு நாங்கள் இருவருமே வேறு ஆள் பார்க்க வேண்டும்.